ஒண்ணு மிச்சம்

அந்த ஆர்டருக்குப் பையர் மனசு
மணிக்கொரு தரம் மாறியது.
இரண்டிரண்டாகக் கட்டினோம், ஒன்று மிச்சம்.
பிரித்து மும்மூன்றாகக் கட்டினோம், ஒன்று மிச்சம்.
ஐந்தைந்தாய், பிறகு ஏழேழாய்.
ஒன்று மிச்சம்.

இருநூற்றுப் பதினொரு பனியன்.
எண்ணத் தெரியாத கூட்டம் என்று
சூப்பர்வைசர் திட்டிவிட்டுப் போனார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குங் அம்மணி சிரிக்கறீங்க?"
பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டாள் சாமியாத்தாள்.

டீ வரப் பத்து நிமிடம் இருந்தது.
ஊத்துக்குளி ரோட்டில் ஒரு தண்ணி லாரி
வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது.
அட்டைப்பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதினேன்:
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு.
இதுகளைச் சமமாப் பங்கு போட ஆகாதுங்க்கா.
இந்த மாதிரி எண்ணெல்லாம்
எங்கியாச்சும் தீந்து போகுமா?

"தீராமெ?
எனக்கு இருவதாந் தேதியே எல்லாந் தீருது"
என்றார் அயர்ன் போடும் முத்துரத்தினம்.
ஆவி அடித்து அவர் முகம் மறைந்தது.

தீராது என்றேன்.
தீந்துருச்சுன்னு வெச்சுக்குங்க,
இருக்கறது மொத்தத்தையும் பெருக்குங்க,
ஒண்ணு கூட்டுங்க.
எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும், இந்தப் பனியன் மாதிரி.
அப்ப அந்த எண்ணே
வரிசைல இல்லாத புதுப் பகா எண்!

சொல்லிவிட்டு மேசையைத் தட்டினேன்.
காலேஜில் எட்டு மார்க்குக்கு எழுதியது இது.
பஞ்சுத் தூசிக்கு நடுவே சொன்னபோதுதான்
எனக்கே முதல்முறை காதில் விழுந்தது.
டீ வந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள்.
யாரோ கேட்டார்கள்,
இதுக்குப் பஞ்சப்படி உண்டா என்று.

பிறகு ஷிப்மெண்ட். நாலு நாள் ஒன்றரை ஷிப்ட்.
நான் மறந்தே போனேன்.

ஐந்தாம் நாள் சாமியாத்தாள்
கிழித்த அட்டை ஒன்றை நீட்டினாள்.
இரண்டு பக்கமும் பேனா மை, ஓரத்தில் குழம்புக் கறை.
"நீங்க சொன்னது தப்புங் அம்மணி."

பதின்மூன்று வரைக்கும் பெருக்கி
ஒன்று கூட்டியிருந்தாள்.
முப்பதாயிரத்து முப்பத்தொன்று.
பதினேழால் வகுத்திருந்தாள், ஒன்பது மிச்சம்.
பத்தொன்பதால், பதினொன்று மிச்சம்.
இருபத்து மூன்று, இருபத்தொன்பது என்று
பஸ்ஸில் எழுதிய கோணல் கோணலாக
பத்து எண் தோற்றுப்போய்,

"அம்பத்தொம்பதுல போகுதுங்.
ஐநூத்தி ஒம்பது தடவெ.
மிச்சமே இல்லீங்."

கையால் போட்டுப் பார்த்தேன்.
நம்பாமல் போனில் போட்டேன்.
காது மடல் சுட்டது.
மூன்று வருஷம் படித்ததில்
இந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை.

"கந்துவட்டிக் கணக்கான்னு வூட்டுக்காரரு கேட்டாருங்,"
என்று அட்டையைத் திருப்பிக்கொண்டாள்.
"ஆனாப் பாருங்,
அம்பத்தொம்பதும் நம்ம வரிசைல இல்லீல்லொ?
வந்தவன் புதுசில்லீனா
அவன் வவுத்துக்குள்ள இருக்கறவன் புதுசு.
எப்படிப் பாத்தாலும் தீராதுங்."

முத்துரத்தினம் அயர்ன் பெட்டியை
நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.
"அக்கா, மறுக்காச் சொல்லு.
மெதுவா."

அவள் சொன்னாள். நான் நின்று கேட்டேன்.
மூன்றாம் வரியில் ஓர் இடம் தடுமாறினாள்,
எடுத்துக் கொடுக்க வாயெடுத்தேன்,
வேண்டாமெனக் கையைக் காட்டினாள்.

மிஞ்சிய பனியன்
காதர்பேட்டைக்குப் போய்விட்டது,
வேறு பல மிச்சங்களோடு.
அளவு பொருந்திய யாரோ
இந்நேரம் போட்டிருப்பார்கள்.

"பதினேழு வரைக்கும் பெருக்கி
ஒண்ணு கூட்டினா என்னாகும்?
அதும் ஒடையுமா, நிக்குமா?"

தெரியலீங்க்கா என்றேன்.

"மார்க்கர் குடுங்" என்றாள்.